ஃபேன் சுத்தலைன்னா ஃபேனை மாத்துறதுதான் வைத்தியமா?

ரொம்ப நாளா உள்ளுக்குள்ள கொதிச்சுட்டு இருந்த விஷயம். பைக் கொதிச்சதைச் சொல்லலை, நான் கொதிச்சதைச் சொல்றேன் :-) இன்னைக்கு ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் கம்மி, அதனால எழுதித் தள்ளிடறேன். நீளமாப் போகும், பொறுத்துக்கோங்க மக்களே.

புனேக்கு வந்து பதினாலு வருசமாச்சு. வீடு வாக்கட், பொட்டி தட்டுறது ஹிஞ்சேவாடி. ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற தூரத்தைக் கிலோமீட்டர்ல சொன்னா சிரிப்பாங்க, நேரத்துல சொன்னா அழுவாங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு சிவாஜி சௌக்ல மாட்டினா முதல் கியர், நியூட்ரல், முதல் கியர், நியூட்ரல், அவ்வளவுதான் வாழ்க்கை. இந்த ரூட்டுக்குன்னே 2020 கடைசியில ஒரு 200 சிசி பைக் வாங்கினேன். லிக்விட் கூல்டு. கம்பெனி பேர் சொல்ல மாட்டேன். இது ஒரு கம்பெனியோட வியாதி இல்லைங்கறதுதான் இங்கே நான் சொல்ல வர்றதே.

2024 மே மாசம். பொண்ணை நீச்சல் வகுப்புலேருந்து கூட்டிட்டு வர்றேன். டிராபிக்ல பத்து நிமிசம் நின்னிருப்போம். மீட்டர்ல சிவப்பு விளக்கு, டெம்பரேச்சர் வார்னிங். முட்டிக்கிட்ட அடுப்பு மாதிரி அனல். வழக்கமா இப்படி நிக்கும்போது ரேடியேட்டர் பின்னாடி 'உய்ய்ங்'னு ஃபேன் சுத்துற சத்தம் கேக்கும். அன்னைக்குக் கேக்கவே இல்லை. ஓரங்கட்டி என்ஜினை அணைச்சேன். "அப்பா, பைக்குக்குக் காய்ச்சலா?"ன்னா பொண்ணு. ஆமாம்மான்னு சொல்லிட்டு, முக்கால் மணி நேரம் ரோட்டோரமா வெயில்ல நின்னோம்.

மறுநாள் அரை நாள் லீவு போட்டு கம்பெனி சர்வீஸ் சென்டர். டேப்லெட்டும் கையுமா ஒரு தம்பி வந்தார். பைக்கைச் சுத்தி வந்தார், சாவியைப் போட்டார், குனிஞ்சு பார்த்தார். மொத்தம் நாலு நிமிசம். "ஃபேன் மோட்டார் போயிருச்சு சார். அசெம்பிளியா மாத்தணும்." ஃபேன் 4,850, லேபர் 600, கூலண்ட் 450. ஆக 5,900 ரூபாய். வாரண்டி முடிஞ்சு அஞ்சு மாசம் ஆயிருந்துச்சு. கார்டைத் தேய்ச்சேன், வந்துட்டேன். ஃபேன் சுத்துச்சு. தங்கமணிக்கிட்ட பெருமையா வேற சொன்னேன்.

சரியா ரெண்டு வாரம். அதே டிராபிக், அதே சிவப்பு விளக்கு, அதே மௌனம்.

மறுபடி அரை நாள் லீவு. இந்தத் தடவை ஸ்கேனரை மாட்டிப் பார்த்தாங்க. "எரர் கோடு எதுவும் இல்லை சார். ஃபேன் புதுசு. அப்ப ஈசியூதான் போயிருக்கணும்." எஸ்டிமேட் 16,000 ரூபாய்.

எரர் எதுவும் வரலை, அதனால ஈசியூதான் எரராம். இந்த லாஜிக்கை என் டீம்ல ஒரு பையன் சொல்லியிருந்தா அன்னைக்கே அவனை உட்கார வெச்சுப் பாடம் எடுத்திருப்பேன். ஆனா அங்கே சோபாவுல உட்கார்ந்து மெஷின் காப்பி குடிச்சுக்கிட்டு, "எத்தனை நாள் ஆகும்?"னு கேட்டேன். இதைத்தான் என்னால இன்னைக்கு வரைக்கும் மன்னிக்க முடியலை. அவங்களை இல்லை, என்னை.

இங்கே ஒரு சின்னக் கொசுவத்தி. எங்கப்பா கோயமுத்தூர் கணபதியில முப்பது வருசம் மோட்டார் வைண்டிங் கடை வெச்சிருந்தவர். பம்ப்செட்டுதான் பிழைப்பு. விவசாயி மாட்டு வண்டியில மோட்டாரைப் போட்டுக்கிட்டு "காயில் எரிஞ்சு போச்சுங்க"ன்னு வருவார். அப்பா உடனே பிரிக்க மாட்டார். முதல்ல டெஸ்ட் லேம்ப்பை வெச்சுப் பார்ப்பார். "எரிஞ்சு போச்சுன்னு வர்றதுல பாதி கண்டன்சர் போனதுதான் கண்ணு. கண்டன்சரை மாத்திக் கையில குடுத்தா நமக்கு அம்பது ரூபா. காயில் கட்டினா ஆயிரம். ஆனா அந்த ஆளு ஊருக்குப் போயி என்ன சொல்லுவான்?" இதை நான் பத்து வயசுலயே கேட்டிருக்கேன். கேட்டுத்தான் என்ன பிரயோசனம்? பொறியியல் படிச்சு, பொட்டி தட்ட வந்து, கையில கிரீஸ் படாம நாப்பதைத் தாண்டியாச்சு.

ஈசியூ எஸ்டிமேட்டோட வீட்டுக்கு வந்து அப்பாவுக்குப் போன் போட்டேன். பழைய ஃபேனை மாத்தியாச்சுன்னு சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "பழைய ஃபேன் எங்க கண்ணு?"

எனக்குப் பதில் தெரியலை. கேட்கணும்னே தோணலை. 4,850 ரூபாய்க்கு ஒரு பாகத்தை மாத்தியிருக்காங்க, கழட்டினது எங்கேன்னு கூட நான் கேட்கலை.

அந்த ஞாயித்துக்கிழமை அப்பா வீடியோ கால்ல, நான் பார்க்கிங்ல பைக் பக்கத்துல தரையில, பொண்ணு டார்ச் பிடிக்க, 350 ரூபாய் மல்டிமீட்டரோட உட்கார்ந்தோம். அப்ப கத்துக்கிட்டதை வரிசையாச் சொல்றேன். உங்க வீட்டு பைக்குக்கும் உதவும்.

முதல்ல சிஸ்டத்தைப் புரிஞ்சுக்கணும். என்ஜின் சூட்டைக் கூலண்ட் வாங்கிட்டு ரேடியேட்டருக்குப் போகுது. வண்டி ஓடும்போது எதிர்க்காத்தே அதை ஆத்திடும், ஃபேன் தேவையில்லை. நின்னுட்டா காத்து இல்லை. அப்பதான் ஃபேன். கூலண்ட் சூட்டைச் சென்சார் பார்க்குது, ஈசியூ முடிவெடுக்குது, ரிலேயை இழுக்குது. பேட்டரியிலேருந்து ஃப்யூஸ் வழியா வர்ற கரண்டை ரிலே ஃபேனுக்கு விடுது. பழைய மாடல்கள்ல ஈசியூ வேலையை ரேடியேட்டர்லயே திருகியிருக்கிற தெர்மோ சுவிட்ச் செய்யும். அவ்வளவுதான் கதை. இதுல ஃபேன்ங்கறது சங்கிலியோட கடைசிக் கண்ணி. கடைசிக் கண்ணி ஆடலைன்னா கடைசிக் கண்ணிதான் கெட்டுப்போச்சுன்னு அர்த்தமா?

(ஆக்டிவா மாதிரி ஸ்கூட்டர் வெச்சிருக்கறவங்க குழம்ப வேணாம். அதுல ஃபேன் கிராங்க் ஷாஃப்ட்லயே மாட்டியிருக்கும், என்ஜின் ஓடுற வரைக்கும் சுத்தும். இந்தக் கதை ரேடியேட்டர் இருக்கிற வண்டிக்கு மட்டும்.)

1. நிஜமாவே பழுதா? அறுபதுல போகும்போது ஃபேன் சுத்தலைன்னா அது பழுது இல்லை. வண்டியை நிறுத்தி ஐடில்ல விடணும். பெரும்பாலான வண்டிகள்ல 95லேருந்து 105 டிகிரிக்குள்ள ஃபேன் வரணும். ஃபேன் வராம வார்னிங் விளக்கு வந்தா பழுதுதான். உடனே என்ஜினை அணைச்சிடுங்க.

2. கூலண்ட் இருக்கா? என்ஜின் நல்லா ஆறினப்புறம் பார்க்கணும். கூலண்ட் குறைஞ்சு காத்து அடைச்சிருந்தா சென்சார் திரவத்துல முங்காம நிக்கும், சரியான சூட்டைச் சொல்லாது. சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. உள்ளே அழுத்தத்துல இருக்கிறதால அந்தத் திரவம் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காம நிக்குது. மூடியைத் திறந்த நொடி கொதிச்சுப் பீச்சி அடிக்கும், மூஞ்சி வெந்துடும்.

3. ஃப்யூஸ். பெரும்பாலும் 10 இல்லை 15 ஆம்ப். போயிருந்தா அதே ஆம்ப்தான் போடணும். மறுபடி போச்சுன்னா மோட்டார் இறுகியிருக்கு, இல்லைன்னா எங்கேயோ ஷார்ட். "20 போட்டா நிக்கும்"னு எவனாவது சொன்னா கும்பிட்டு விட்டுட்டு வந்துடுங்க. ஃப்யூஸ் நிக்கும், ஒயர் எரியும்.

4. ஃபேன். சாவியை எடுத்துட்டு விரலால இறக்கையைச் சுத்திப் பாருங்க. சேறு, கல்லு மாட்டியிருக்கலாம். அப்புறம் கனெக்டரைக் கழட்டி, ஃப்யூஸ் வெச்ச ஒயரால பேட்டரி 12 வோல்ட்டை நேரா கொடுங்க. சுத்தினா மோட்டார் நல்லாருக்கு. இந்த ஒரு சோதனைக்கு மூணு நிமிசம் ஆகும். 4,850 ரூபாய் பில் போடறதுக்கு முன்னாடி செய்ய வேண்டிய சோதனை இதுதான்.

5. ரிலே. அதே நம்பர் உள்ள இன்னொரு ரிலே வண்டியில இருந்தா மாத்திப் போட்டுப் பார்க்கலாம். இல்லைன்னா ரிலேயைக் கழட்டிட்டு சாக்கெட்ல 30, 87ன்னு போட்டிருக்கிற ரெண்டு துவாரத்தையும் ஒரு ஒயரால இணைக்கணும். ஃபேன் சுத்தினா பேட்டரியிலேருந்து ஃபேன் வரைக்கும் பாதை சரி. தப்பு ரிலேயிலயோ சென்சார் பக்கத்துலயோ.

6. சென்சார். சூடேற ஏற இதோட ரெசிஸ்டன்ஸ் குறையணும். பொதுவா 20 டிகிரியில ரெண்டு, ரெண்டரை கிலோ ஓம், 80 டிகிரியில முந்நூறு ஓம் பக்கம் வரும். சரியான எண் வண்டிக்கு வண்டி மாறும். வெந்நீர்ல முக்கி மல்டிமீட்டர் வெச்சுப் பார்த்தா குறையுதா இல்லையான்னு தெரிஞ்சிடும். கடைசியா எர்த் ஒயர். துருப்பிடிச்ச எர்த்தால போன பொழுதுகள் எத்தனையோன்னு அப்பா சொன்னார்.

எங்க வண்டியில ரெண்டு, மூணு, நாலு எல்லாம் சரி. அஞ்சாவதுல 30, 87ஐ இணைச்சேன். ஃபேன் சுத்தலை. மீட்டரை வெச்சா 30ல 12 வோல்ட் வருது. குழப்பமாயிருச்சு. ஒயரைக் கொஞ்சம் பக்கவாட்டுல அழுத்தினேன். 'உய்ய்ங்'. விட்டேன், நின்னுருச்சு. அழுத்தினேன், சுத்துச்சு. போன்ல அப்பா சிரிக்கிறார். "அழுத்துனா சுத்துதா? அப்ப பின்னு லூசு கண்ணு. அவ்வளவுதான் மேட்டர்."

டார்ச் அடிச்சுப் பார்த்தா 87ஆம் நம்பர் துவாரத்துக்குள்ள இருக்கிற பித்தளை டெர்மினல் வாய் பிளந்து, பச்சையாப் பூத்துக் கிடந்துச்சு. ஒவ்வொரு சர்வீஸ்லயும் பைக்கைப் பளபளன்னு காட்டறதுக்கு பிரஷர் வாட்டர் அடிச்சாங்க இல்லையா, அந்தத் தண்ணி அங்கே இறங்கி வேலை பார்த்திருக்கணும். ஃபேனை மாத்தும்போது ஒயரையெல்லாம் ஆட்டினதுல டெர்மினல் தற்காலிகமா ஒட்டிக்கிச்சு. ரெண்டு வாரம் ஓடுச்சு. புது ஃபேன்தான் சரிபண்ணிச்சுன்னு அவங்களும் நம்பினாங்க, நானும் நம்பினேன். மாத்தற வைத்தியத்தோட பெரிய ஆபத்து இதுதாங்க. தப்பான வைத்தியம் கூட சில சமயம் வேலை செஞ்ச மாதிரி காட்டும்.

திங்கக்கிழமை காட்கி பக்கம் ஒரு ஆட்டோ எலக்ட்ரீசியனைப் பிடிச்சேன். அறுபது வயசுக்கு மேல இருக்கும், எல்லாரும் காகான்னு கூப்பிடறாங்க. அவருக்கு இந்தி சுமார், எனக்கு மராத்தி அதை விடச் சுமார். டெர்மினலைக் காட்டினேன். பழசை உருவி, புதுசைக் கிரிம்ப் பண்ணி, கிரீஸ் வெச்சு, ஃபேன் வர்ற வரைக்கும் வண்டியை ஐடில்ல விட்டு, ரெண்டு தடவை ஃபேன் வந்து நிக்கறதைப் பார்த்துட்டுத்தான் விட்டார். 150 ரூபாய். இதை எழுதற வரைக்கும் ஃபேன் சுத்திக்கிட்டு இருக்கு.

இனிமேதான் சண்டை.

முதல் சண்டை நம்ம ஆளுங்களோட. இந்தக் கதையை அபார்ட்மெண்ட் தமிழ் குழுவுல சொன்னதும் வந்த முதல் பதில், "வெளியூர்க்காரன்னு தெரிஞ்சா இங்கே தீட்டத்தான் செய்வாங்க பாஸ்." ரெண்டாவது, "வடக்க வந்தா இப்படித்தான்." ஏழெட்டுப் பேர் கும்மியடிச்சாங்க. எனக்கு எரிச்சல் வந்தது அங்கேதான். என் தம்பி கோயமுத்தூர்ல இருக்கான். அவன் ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகலைன்னு சுத்தத் தமிழ்ல பேசி, 'வாங்கண்ணா, உக்காருங்கண்ணா'ன்னு உபசரிச்சு, ஸ்டார்ட்டர் மோட்டாரை மாத்தினாங்க. கடைசியில போயிருந்தது சைடு ஸ்டாண்டு சுவிட்ச். அதுக்கு எந்த ஊர்க்காரனைத் திட்டறது? என்கிட்ட 5,900 வாங்கின இடத்துல பில் போட்டவர் எந்த ஊர்னு எனக்குத் தெரியாது. 150 ரூபாய்க்கு ஒழுங்கா வேலை பார்த்தவர் மராட்டியக்காரர். மொழியைக் காரணம் சொல்றது நமக்குச் சௌகரியம். ஏமாந்ததுக்கு நம்ம சோம்பேறித்தனம் காரணம் இல்லை, நாம பாவம் அந்நியர்கள்னு மனசைத் தேத்திக்கலாம். அதைக் குழந்தைங்க முன்னாடி வேற பேசறோம். பிறந்து வளர்ற ஊரைப் பத்தி அதுங்க மனசுல விஷம் ஏத்தறதுக்கு ஒரு ஃபேன் காரணமா இருக்க வேணாம்.

ரெண்டாவது சண்டை "எனக்கு டைம் இல்லை பாஸ்" கோஷ்டியோட. நானும் அந்தக் கோஷ்டியில ஆயுள் உறுப்பினரா இருந்தவன்தான். கணக்குப் போடுங்க. சர்வீஸ் சென்டருக்கு ரெண்டு அரை நாள் லீவு, ரோட்டுல முக்கால் மணி நேரம், எஸ்டிமேட்டைப் பார்த்துப் போன தூக்கம். பார்க்கிங்ல உட்கார்ந்து கண்டுபிடிச்சதுக்கு ஆனது நாப்பது நிமிசம். டைம் இல்லாதவன்தான் சோதனை பண்ணணும்.

மூணாவது, "இப்ப எல்லாம் ஈசியூ வண்டி சார், பழைய காலம் மாதிரி இல்லை"ன்னு பூச்சாண்டி காட்டறவங்க. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6 வந்தப்புறம் வண்டிகள்ல மின்னணு அதிகமாச்சுங்கறது உண்மை. ஆனா டெர்மினல் பித்தளைதான், ஃப்யூஸ் ஃப்யூஸ்தான். ஈசியூ பெரும்பாலும் ரிலேயை இழுக்கிற பக்கத்தைத்தான் பார்க்கும். ரிலேக்கு அந்தப் பக்கம் ஃபேனுக்குக் கரண்ட் போகுதா, பின்னு பச்சை பிடிச்சிருக்கான்னு அதுக்குத் தெரியாது. ஸ்கேனர்ல ஒண்ணும் வரலைன்னா, 'கம்ப்யூட்டர் பார்க்காத இடத்துல பாரு'ன்னு அர்த்தம். 'கம்ப்யூட்டரை மாத்து'ன்னு அர்த்தம் இல்லை. தினமும் சர்வர்ல லாக் பார்த்துப் பிழைக்கிற நமக்கு இது தெரியாதா? லாக்ல ஒண்ணும் இல்லைங்கறதுக்காக யாராவது டேட்டா சென்டரையே மாத்தறோமா?

நாலாவது சண்டை, பெரிய சண்டை, அந்த ஏற்பாட்டோட. அந்த டேப்லெட் தம்பியைத் திட்ட எனக்கு மனசு வரலை. அவர் முன்னாடி வரிசையா வண்டிங்க நிக்குது. ஒவ்வொண்ணுக்கும் சில நிமிசம்தான். பில்லுல பாகத்துக்கு வரி இருக்கு, மாட்டற லேபருக்கு வரி இருக்கு. கண்டுபிடிக்கறதுக்கு வரியே இல்லை. அரை மணி நேரம் மல்டிமீட்டர் வெச்சுத் தேடி ஒரு டெர்மினலை மாத்தினா 150 ரூபாய்க்கு மேல பில் போட முடியாது. நாலு நிமிசம் பார்த்துட்டு அசெம்பிளியை மாத்தினா 5,900. எந்த வேலைக்குக் காசு வருதோ அந்த வேலைதானே நடக்கும்? ஒழுங்காத் தேடறவன் அங்கே நஷ்டக்கணக்கு.

இது என் புலம்பல் மட்டும் இல்லை. 2014 ஆகஸ்ட்ல இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சேர்த்து 2,544 கோடி ரூபாய்க்கு மேல அபராதம் போட்டுது. உதிரி பாகங்கள், பழுது கண்டறியற கருவிகள், தொழில்நுட்பக் கையேடுகள் எல்லாம் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காதபடி வெச்சிருக்காங்கங்கறதுதான் குற்றச்சாட்டோட சாரம். அப்புறம் மேல்முறையீடுன்னு வழக்கு நீண்டது வேற கதை. அது கார். 2022 ஜூலையில 'பழுது நீக்கும் உரிமை' பத்திப் பார்க்க நுகர்வோர் விவகாரத் துறை ஒரு குழு போட்டுது. விவசாயக் கருவி, மொபைல், வீட்டு உபயோகப் பொருள், வாகனம்னு நாலு துறைகளை எடுத்துக்கிட்டாங்க. அதே வருசம் டிசம்பர் 24ஆம் தேதி, தேசிய நுகர்வோர் தினத்தன்னைக்கு, அதுக்குன்னு ஒரு இணையதளமும் திறந்தாங்க. நல்ல விஷயம்தான். ஆனா என் பைக்கோட வந்த கையேட்டைப் புரட்டிப் பார்த்தேன். ஃப்யூஸ் எங்கே இருக்குங்கறதுக்கு மேல ஒரு வரி இல்லை. வயரிங் படம் கிடையாது. ஃபேன் எந்த டிகிரியில வரணும்னு கிடையாது. ஒவ்வொரு பக்கத்துலயும் 'அங்கீகரிக்கப்பட்ட டீலரை அணுகவும்'. லட்சத்துக்கு மேல கொடுத்து வாங்கின பொருளோட ஒரு தாள் வயரிங் படம் கொடுக்க எவ்வளவு செலவாகும்? எங்கப்பா காலத்துப் பம்ப்செட்டுல டெர்மினல் பெட்டி மூடிக்கு உள்பக்கமே கனெக்‌ஷன் படம் ஒட்டியிருக்கும்.

அதுக்காக ரோட்டோரம் எல்லாம் உத்தமம்னும் ஜல்லியடிக்க மாட்டேன். "சென்சார் எல்லாம் எதுக்கு சார், நேரா ஒரு சுவிட்ச் வெச்சுடறேன்"னு ஒருத்தர் என்கிட்டயே சொன்னார். ஒரு நாள் சுவிட்சைப் போட மறந்தா என்ஜின் காலி, அணைக்க மறந்தா பேட்டரி காலி. அதுவும் கண்டுபிடிக்காம மழுப்பற வேலைதான். ஒருத்தர் பாகத்தை மாத்தி மழுப்பறார், இன்னொருத்தர் சுவிட்ச் வெச்சு மழுப்பறார். நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. பழுது எங்கேன்னு முதல்ல காட்டுங்க.

அதனால, நாம செய்யக்கூடியது என்ன?

- "என்ன சோதனை பண்ணினீங்க?"ன்னு கேளுங்க. இந்தியில நாலே வார்த்தை. "ஃபேனுக்கு நேரா 12 வோல்ட் கொடுத்துக் காட்டுங்க"ன்னு கேளுங்க. காட்ட மாட்டேன்னா வண்டியை எடுத்துட்டு வந்துடுங்க.

- பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்க. வாரண்டியிலயோ எக்ஸ்சேஞ்சுலயோ மாத்தினா தவிர அது நம்ம சொத்து.

- கண்டுபிடிக்கறதுக்குன்னு தனியாக் காசு கொடுக்கத் தயாரா இருங்க. "பார்க்கறதுக்கே முந்நூறா?"ன்னு நாம முறைக்கறதாலதான் அவங்க 5,900க்குப் பாகத்தை மாத்தறாங்க. டாக்டருக்கு ஃபீஸ் கொடுக்கறோம்ல?

- வீட்டுல ஒரு மல்டிமீட்டர் வாங்கி வெச்சுக்கோங்க. பீட்சாவை விடக் கம்மி.

- பைக்கோட மின்சாரப் பகுதிகள்ல பிரஷர் வாட்டர் அடிக்க வேணாம்னு ஜாப் கார்டுல எழுதி வாங்குங்க.

- கதை முத்திப் போச்சுன்னா எழுத்துல புகார் கொடுங்க. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

நான் எழுத்துல கொடுத்தேன். போய்ப் பழைய ஃபேனைக் கேட்டேன். மூலையில ஒரு சாக்குல கிடந்துச்சு, நல்லவேளை இன்னும் பழைய இரும்புக்குப் போகலை. மேனேஜர் முன்னாடியே அவங்க பேட்டரியில வெச்சேன். சும்மா சுழட்டி அடிச்சுது. கொஞ்ச நேரம் யாரும் பேசலை. அடுத்த சர்வீஸ் லேபர் ஃப்ரீன்னாங்க, வேணாம்னுட்டேன். மூணு வாரம் கழிச்சு லேபர் காசு 600 திரும்பி வந்துச்சு. ஃபேன் காசு வரலை. வராதுன்னு நினைக்கிறேன். இருந்தாலும் மெயில் மட்டும் விடாம அனுப்பிக்கிட்டு இருக்கேன்.

கடைசியா ஒரு விஷயம். ஜி.டி. நாயுடு சின்ன வயசுல ஓட்டல்ல வேலை பார்த்துக் காசு சேர்த்து, வெள்ளைக்கார அதிகாரிக்கிட்டேயிருந்து ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அதைப் பிரிச்சுப் பிரிச்சு மாட்டித்தான் மெஷினைக் கத்துக்கிட்டார்னு கோயமுத்தூர்ல வீட்டுக்கு வீடு சொல்லி வளர்ப்பாங்க. நானும் அதைக் கேட்டு வளர்ந்தவன்தான். என் பொண்ணுக்கு மாசம் மூவாயிரம் கட்டிக் கோடிங் கிளாஸ் அனுப்பறேன். ஸ்க்ரூடிரைவரை எந்தப் பக்கம் திருகினா கழலும்னு சொல்லிக் கொடுக்கலை. ஊரை விட்டு வந்தோம், சரி. பொடி, ஊறுகாய், காப்பித்தூள், அம்மன் படம் எல்லாம் மூட்டை கட்டிக் கொண்டு வந்தோம். அப்பாவோட டெஸ்ட் லேம்ப்பை மட்டும் அங்கேயே விட்டுட்டு வந்துட்டோம். அதுக்குத்தான் 5,900 ரூபாய் ஃபைன் கட்டினேன்னு வெச்சுக்கறேன்.

அந்தப் பழைய ஃபேன் இப்ப பொண்ணோட மேஜையில இருக்கு. பழைய ரவுட்டரோட 12 வோல்ட் அடாப்டர்ல காகாகிட்டயே கூட்டிட்டுப் போய் ஒரு சுவிட்சும் ஃப்யூஸும் வெச்சு, இறக்கைக்கு முன்னாடி கம்பி வலை போட்டுக் கொடுத்தோம். மெதுவாத்தான் சுத்துது, ஆனா சுத்துது. அதைப் பார்த்துட்டு ஒரு நாள் கேட்டா, "இது நல்லாத்தானேப்பா இருக்கு. அப்புறம் ஏன் மாத்தினீங்க?"

நான் கேட்காம விட்டதாலதான் மாத்தினாங்கன்னு சொன்னேன்.

டிஸ்கி 1: வண்டி வாரண்டியில இருந்தா ஒயர்ல கை வைக்காதீங்க. சோதனையை அவங்களையே செய்யச் சொல்லி, கூட நின்னு பாருங்க.

டிஸ்கி 2: சூடான வண்டியில, சாவியை எடுத்திருந்தாலும், ஃபேன் இறக்கைக்குள்ள உடனே விரலை விடாதீங்க. சில வண்டிகள்ல என்ஜினை அணைச்சப்புறமும் ஃபேன் கொஞ்ச நேரம் சுத்தும். விரலுக்கு அசெம்பிளி கிடைக்காது :-)